வேட்டை மீனுக்குத் துணை தேடுகிறீர்களா?

முதல் நாள் இரவு தொட்டியில் பதின்மூன்று மீன்கள் இருந்தன. விடிந்ததும் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது!

பூனை வரவில்லை. கதவு தாழ் போட்டபடியே இருந்தது. தொட்டியின் மூடியும் நகரவில்லை. மிஞ்சிய அந்த ஒரு மீன் மட்டும் வயிறு புடைக்க, ஒன்றும் அறியாத சாதுவைப் போல் மூலையில் படுத்திருந்தது.

இது நடந்தது செவ்வாப்பேட்டையில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. நண்பர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் பத்து நிமிஷம் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். அன்று அப்படி உட்கார்ந்தவர் உடனே எழுந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் விட்ட நியான் மீன் பன்னிரண்டையும் காணோம்! கெளுத்திக் குஞ்சு மட்டும்தான் இருக்குது."

"எந்தக் கெளுத்தி?"

"போன ஞாயித்துக்கிழமை வாங்கினேனே, வால் சிவப்பா இருக்குமே, அதுதான். குஞ்சுதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரர் சொன்னார் அண்ணே."

குஞ்சு என்பதென்னவோ வாஸ்தவந்தான். நாலு அங்குலம்தான் இருந்தது. ஆனால் அந்தச் செவ்வால் கெளுத்தி அமேசான் நதியில் பிறந்த ஜாதி. 'ரெட் டெயில் கேட்' என்று கடைகளில் சொல்வார்கள். நாலு அங்குலக் குஞ்சு முழுதாக வளர்ந்தால் நாலு அடி நீளம் வரை போகும். பகலெல்லாம் சோம்பிக் கிடக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் அதற்கு விடியும்.

நண்பரின் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு நியான் மீனுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாளாம்!

ஏரியில் நடப்பது தொட்டியில் நடக்காது

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து கொளத்தூர் பக்கந்தான். இந்தியாவெங்கும் பெயர் பெற்ற வண்ண மீன் சந்தை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வரும் ரயிலில், ஆக்ஸிஜன் அடைத்து ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். என் வயதுக்காரர்கள் இதே ரயில் மார்க்கத்தில் கடைசி வரை போய்த்தான் மீன் வாங்கினோம். 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிளி, முயல், தங்க மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. 1985 மே 30-ந் தேதி அது தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் எழுந்த புறநகர் ரயில் நிலையம் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

மூர் மார்க்கெட் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் தங்க மீன், கப்பி, மோலி, பைட்டர் என்று சின்னச் சின்ன ஜாதிகளே இருந்தன. இப்போது காலம் மாறிவிட்டது. ஆஸ்கார், அரோவானா, பிளவர் ஹார்ன், செவ்வால் கெளுத்தி, முதலை மூக்கு கார் மீன் என்று வேட்டை ஜாதிகளின் மேல் இளைஞர்களுக்கு மோகம் பிடித்திருக்கிறது. மோகத்தில் தப்பில்லை. வேட்டை மீனுக்கு உள்ள சாமர்த்தியமும் கம்பீரமும் கப்பிக்கு வராது. ஆனால் அதற்குத் துணை தேடும்போதுதான் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள்.

நம் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விரால் இருக்கிறது, வாளை இருக்கிறது, கெளுத்தி இருக்கிறது. அதே தண்ணீரில் கெண்டையும் இருக்கிறது. எல்லாம் கூடித்தானே வாழ்கின்றன என்று தோன்றும். ஏரியில் கெண்டைக்கு ஓட இடம் உண்டு, ஒளியக் கோரைப்புல் உண்டு. பத்துக் கெண்டை போனாலும் நூறு கெண்டை பிறக்கும். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஓடினால் எங்கே ஓடுவது? மறு கண்ணாடியில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏரியில் மீன் வளர்க்கிறவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். கெண்டைக் குஞ்சுகளை விடுவதற்கு முன்னால் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டு விரால், கெளுத்தி போன்ற ஜாதிகளைத் தீர்த்துவிடுவார்கள். அதன் விஷ வேகம் அடங்கிய பிறகே குஞ்சு இறங்கும். வயிற்றுப் பிழைப்புக்காக வளர்க்கிறவர் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார். ஆசைக்காக வளர்க்கிற நாம்தான் இரண்டையும் ஒரே பையில் வாங்கி வருகிறோம்!

முதலில் வாயை அளந்து பாருங்கள்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். வேட்டை மீனுக்கு முதல் பொருத்தம் வாய்ப் பொருத்தம்.

வாய்க்குள் நுழைகிற எதையும் வேட்டை மீன் துணையாக நினைக்காது, ஆகாரமாகத்தான் நினைக்கும். அதற்குக் கோபமோ துரோகமோ கிடையாது. இரண்டு மாதம் ஒன்றாக இருந்த மீனையும் மூன்றாவது மாதம் விழுங்கும். ஏன்? அந்த இரண்டு மாதத்தில் அதன் வாய் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான். 'இத்தனை நாள் சிநேகமாகத்தானே இருந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. சிநேகம் இல்லை, வாய் போதவில்லை.

துணைக்கு வருகிற மீனின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உடம்பின் உயரமும் பருமனும்தான் முக்கியம். ஒல்லியான நீள மீனை நெடுக்காக விழுங்கிவிடலாம். தட்டுப் போல் அகன்ற மீனை விழுங்குவது சிரமம். வேட்டை மீனின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், உடம்பும் அகலமாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

அதிலும் இன்றைய அளவைப் பார்த்தால் போதாது. ஒரு வருஷம் கழித்து இரண்டும் எந்த அளவில் இருக்கும் என்று பார்க்க வேண்டும். மூன்று அங்குல ஆஸ்கார் குஞ்சு ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட ஓர் அடிக்கு வந்துவிடும். நீளம் நாலு மடங்கு என்றால் உடம்பின் கனம் நாலு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலு மடங்காகும்போது கனம் 64 மடங்காகிறது! தின்பதும் கழிப்பதும் அதற்குத் தகுந்தபடிதான். கடையில் அரையடிக் கண்ணாடிப் பெட்டியில் விளையாடுகிற குஞ்சைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. விழுங்கக் கூடிய மீன்களிலும் சில உண்டு, விழுங்கினால் விழுங்கியதற்கே ஆபத்து. கெளுத்தி முள் குத்திய கைக்குத்தான் அதன் அருமை தெரியும். சின்னக் கெளுத்திகள் பயந்தால் பக்கத்து முள்ளையும் முதுகு முள்ளையும் விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளும். ஆத்திரத்தில் வாயில் போட்ட ஆஸ்காரின் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இரண்டும் சாவதுண்டு.

மேல்மாடி, நடுவீடு, தரை

நம் கிராமத்துக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றையும் சேர்த்து விடுகிறார்களே, ஏன் தெரியுமா? கட்லா மேல் தண்ணீரில் மேய்கிறது. ரோகு நடுவில். மிர்கால் தரையில். ஒன்றின் சோற்றில் ஒன்று கை வைப்பதில்லை. அதே யோசனை கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

அரோவானா மேல்மாடிக்காரர். அதன் வாய் மேல்நோக்கிப் பிளந்திருக்கும். அமேசான் காட்டில் தண்ணீருக்கு மேல் தொங்குகிற கிளையிலிருக்கும் பூச்சியை ஒரே எம்பில் பறித்துவிடும். அதனால் அதற்கு 'தண்ணீர்க் குரங்கு' என்ற பட்டமும் உண்டு. தொட்டிக்குக் கனமான மூடி இல்லாமல் அரோவானா வாங்கியவர்கள், காலையில் அதைத் தரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆஸ்கார் நடுவீட்டுக்காரர். கெளுத்தி ஜாதிகளும் 'டேங்க் கிளீனர்' என்கிற உறிஞ்சு மீனும் தரைவாசிகள்.

மூன்று தளத்துக்கு மூன்று ஜாதி என்று பிரித்தால் பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும். மீதிப் பாதியைத் தொட்டியின் அளவுதான் தீர்க்க வேண்டும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் கிட்டத்தட்ட 185 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஓர் ஆஸ்கார் தனியாகச் சௌகரியமாக இருக்கவே அது பத்தாது. 280, 300 லிட்டராவது வேண்டும். அரோவானாவுக்கு நீளமும் அகலமும் இரண்டும் தேவை. மூன்றடி வளரும் மீன் திரும்புவதற்கே இரண்டரை அடி அகலம் கேட்கும்.

டேங்க் கிளீனரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாசியைத் தின்னும் சாது என்று அதை எல்லாத் தொட்டியிலும் போட்டுவிடுகிறார்கள். பசி எடுத்தால் அது ராத்திரியில், அசையாமல் தூங்குகிற அகன்ற மீனின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, உடம்பின் வழவழப்பை உறிஞ்சித் தின்னும். காலையில் மீனின் விலாவில் செதில் பெயர்ந்து புண் தெரியும். ஆஸ்கார் கடித்தது, அரோவானா கடித்தது என்று நாம் வேறு யார் மேலோ பழி போட்டுக்கொண்டிருப்போம்.

ஆஸ்காரின் குணம்

என்னைக் கேட்டால், வேட்டை மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர் ஆஸ்காரில் ஆரம்பிக்கலாம் என்பேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஜாதி. நம் ஏரிகளில் ஜிலேபி என்று பிடிக்கிறோமே, அதற்குத் தூரத்து உறவு. சாப்பாடு போடுகிறவரை ஆஸ்கார் அடையாளம் கண்டுகொள்ளும். அவர் அறைக்குள் வந்தாலே கண்ணாடிக்கு ஓடி வந்து நாய்க்குட்டி போல் வாலாட்டும். பிடிக்காத தீனியைப் போட்டால் வாயில் வாங்கி உடனே துப்பும். தொட்டிக்குள் நீங்கள் ஆசையாக அடுக்கி வைத்த கூழாங்கல், பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி மாற்றி வைக்கும். வீட்டுக்காரர் யார் என்பதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. நன்றாகக் கவனித்தால் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும்.

இதற்குத் துணையாகப் பல வருஷமாக வளர்க்கிறவர்கள் சிபாரிசு செய்வது 'சில்வர் டாலர்' என்ற மீனை. வெள்ளி ரூபாய் போல் வட்டமாக, பளபளவென்று இருக்கும். வளர்ந்தால் ஐந்தாறு அங்குலம். வட்ட உடம்பானதால் ஆஸ்காரின் வாயில் நுழையாது. வேகமாக நீந்துவதால் துரத்தலுக்கும் அகப்படாது. முக்கியமாக, அது இலை தழை தின்கிற மீன். ஆஸ்காரின் பிரதேசத்துக்குப் போட்டி போடாது. ஒன்றிரண்டாக விட்டால் பயந்து சாகும், ஐந்தாறாக விட வேண்டும். இந்த வெள்ளிக் கூட்டம் பயமில்லாமல் நடுத் தண்ணீரில் சுற்றுவதைப் பார்த்தால், வெட்கப்பட்டு மூலையில் ஒளிந்திருக்கும் ஆஸ்காரும் அபாயம் இல்லை என்று தெரிந்து வெளியே வரும் என்பது இன்னொரு லாபம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாதுவான சில்வர் டாலர், பெயர் கேட்டாலே நடுங்குகிற பிரானாவின் நெருங்கிய உறவு! பிரானா என்றதும் ஞாபகம் வருகிறது. பிரானா என்று சொல்லி நம் பக்கம் விற்கப்படுவது அநேகமாகப் பாக்கு என்கிற வேறு மீன். சந்தையில் ரூப்சந்த் என்ற பெயரில் குழம்புக்கும் விற்கிறது. வாயைத் திறந்தால் மனிதப் பல் போல் தட்டையான பல் தெரியும். பழமும் கொட்டையும் கடிக்கிற பல் அது. 'வீட்டில் பிரானா வளர்க்கிறேன்' என்று பெருமையடிப்பவரைச் சந்தித்தால் அந்தப் பல்லை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்காருக்கு ஆஸ்காரே துணையாகுமா? சின்ன வயதில் ஆறேழு குஞ்சுகளாகச் சேர்த்து வளர்த்தால் ஆகலாம். ஆனால் அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் மற்றவற்றின் கதி அதோகதிதான். பாதித் தொட்டியை ஜோடி வளைத்துக்கொண்டு, எட்டிப் பார்ப்பவரையெல்லாம் விரட்டிக் கடிக்கும். பெற்ற பாசம்! நம் விரால் மீனும் அப்படித்தான். செக்கச் செவேலென்று திரண்டு வரும் குஞ்சுகளுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் வருவதை ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

துணையே வேண்டாதவர்கள்

பிளவர் ஹார்ன் எந்த நதியிலும் பிறந்ததில்லை. 1990-களில் மலேசியாவில் பல ஜாதிகளைக் கலந்து மனிதன் உண்டாக்கிய மீன் அது. நெற்றியில் புடைப்பு பெரிதாக இருந்தால் அதிருஷ்டம் என்று வாஸ்து பார்த்து வாங்குகிறார்கள். இதற்குத் துணை தேடவே தேடாதீர்கள். எதை விட்டாலும் அடித்துக் கொல்லும். கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடும் சண்டைக்கு நிற்கும். தனியே வளர்த்தால் ஆனந்தமாக இருக்கும். தனிமையில் ஏங்கும் என்று பரிதாபப்படுவது நம் மனசுதான்.

அரோவானாவிலும் இரண்டை மட்டும் சேர்த்து விடக் கூடாது. பலமுள்ளது மற்றதை நாள் முழுதும் விரட்டும். ஒன்று மட்டும் வைக்க வேண்டும். இல்லையென்றால் மிகப் பெரிய தொட்டியில் அரை டஜனுக்கு மேல் வைத்து, கோபம் ஒருவர் மேலேயே விழாதபடி பங்கிட வேண்டும். ஆசிய அரோவானா என்ற செந்நிற, பொன்னிற ஜாதிக்கு வேறு ஒரு சங்கதி உண்டு. காட்டில் அருகிவிட்டதால் 1975 முதலே அதன் சர்வதேச வியாபாரம் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கடையில் சல்லிசாகக் கிடைப்பது பெரும்பாலும் அமேசானின் வெள்ளி அரோவானாதான்.

புதிதாக ஒருவரை விடும் நாள்

பொருத்தம் பார்த்தாயிற்று. வாங்கியும் வந்தாயிற்று. நேரே தொட்டியில் கொட்டிவிடலாமா? கூடாது.

முதலில் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டி. வெள்ளைப் புள்ளி நோய் முதலானவை புது மீனோடுதான் வீட்டுக்கு வருகின்றன. பிறகு விடுகிற அன்றைக்கு, பழைய தொட்டியின் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வையுங்கள். தான் கட்டி ஆண்ட பிரதேசம் காணாமல் போனதும் பழைய மீன் திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பில் புதியவருக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். பழைய மீனுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுவது உத்தமம். சந்தேகமிருந்தால் இரண்டு மூன்று நாள் நடுவே துளையுள்ள பிளாஸ்டிக் தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழக விடலாம். கூடுமானால் அமைதியான ஜாதியை முதலிலும் முரட்டு ஜாதியைக் கடைசியிலும் விடுங்கள்.

முதல் வாரம் துடுப்பைக் கவனியுங்கள். லேசாகக் கிழிந்தால் பரவாயில்லை, ஆறிவிடும். ஒரு மீன் சாப்பிடாமல், தண்ணீரின் மேல் மூலையில் தலையை வைத்துக்கொண்டு நின்றால் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம். பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. வேட்டை மீன் வேட்டையாடுவதைப் பார்க்க வேண்டும் என்று உயிருள்ள சின்னத் தங்க மீன்களை வாங்கிப் போடுகிறார்கள். விருந்தாளி வந்தால் அழைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கூட்டத் தொட்டி மீன்களோடு நோயும் உள்ளே போகிறது. அதோடு தங்க மீன், கெண்டை வகைகளின் உடம்பில் பி-1 வைட்டமினை அழிக்கிற ஒரு சத்து உண்டு. அதையே தின்று வளரும் வேட்டை மீன் நாளடைவில் நரம்பு தளர்ந்து போகும். இறால், மண்புழு, நல்ல குருணைத் தீனி என்று மாற்றி மாற்றிப் போட்டால் போதும். உயிர் மீனையே தின்று பழகியது, கூட இருக்கும் துணையையும் தீனியாகத்தான் பார்க்கும்.

தீனி மிகுந்தால் கழிவும் மிகும். கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கும். அதை மாற்றுகிற நுண்ணுயிர்கள் பில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் மறுநாளே ஆறு மீனை விட்டு, வாரக் கடைசியில் மூன்று செத்தால் அதற்குச் சண்டை காரணமல்ல. வாரத்துக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீராவது மாற்ற வேண்டும். கரண்ட் நின்றால் ஓடக் கூடிய பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் முதலில் மூச்சுத் திணறுவது பெரிய மீன்தான்.

வாளியோடு ஏரிக்குப் புறப்பட்டவர்

நண்பர் கதைக்கு வருவோம். பன்னிரண்டு நியான்களையும் விழுங்கிய செவ்வால் கெளுத்தி தனியாகவே வளர்ந்தது. ஒரு வருஷம் ஆயிற்று. ஒன்றரை அடி மீன், மூன்றடித் தொட்டி. மூக்கு ஒரு பக்கக் கண்ணாடியில் இருந்தால் வால் திரும்ப வழியில்லை. மூக்கு நுனியில் தேய்ந்து புண்ணாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் பெரிய வாளியோடு வாசலில் நின்றார்.

"ஏரியிலே விட்டுடலாம்னு பார்க்கறேன் அண்ணே. அதுவும் பிழைச்சுப் போகும், நமக்கும் புண்ணியம்."

அவருக்கு நல்ல மனசு. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது என்ன நடந்தது என்பதை அவருக்குச் சொன்னேன். பண்ணைகளிலும் தொட்டிகளிலும் இருந்த மீன்கள் தப்பிவிட்டன. அமேசானில் வாழ வேண்டிய அரபைமாவும், அமெரிக்காவின் முதலை மூக்கு கார் மீனும் சாலக்குடி ஆற்றுப் பக்கம் வலையில் ஏறின. 2023-ல் அந்தக் கார் மீன் போபாலின் பெரிய ஏரியில் ஏப்ரல் மாதமும், காஷ்மீரத்தின் தால் ஏரியில் மே மாதமும் அகப்பட்டது. தால் ஏரிக்கு அமெரிக்காவிலிருந்து அது நீந்தியா வந்திருக்கும்? இந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்றால், 2011-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று எட்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, 148 கிலோ எடை! அதன் முட்டையும் விஷம். இங்கே கடைகளில் அதன் குஞ்சு பென்சில் அளவில் விற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஜிலேபி மீன் நம் மீனே அல்ல. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்க விட்ட ஆப்பிரிக்க ஜாதி. ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணந்தான். இன்று எந்த ஏரியில் வலை வீசினாலும் அதுதான் முதலில் வருகிறது. நாட்டு ஜாதிகள் ஒதுங்கிவிட்டன. டேங்க் கிளீனரும் அதே வழியில் கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்கள் வரை பரவிவிட்டது. முள்ளும் கடினத் தோலும் கொண்ட அதைத் தின்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. வலையைக் கிழிப்பது ஒன்றுதான் மிச்சம். நம் பக்கத்து ஏரிகளில் குத்தகை எடுத்துக் கட்லா, ரோகு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏரியில் நாலடிக் கெளுத்தி ஒன்று இறங்கினால் கைமுதல் யாருடையது போகும்?

நண்பர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். மறு ஞாயிறு, பெரிய தண்ணீர் டிரம்மில் அதை விட்டு, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொளத்தூருக்குக் கொண்டு போனோம். பெரிய சிமெண்டுத் தொட்டிகள் வைத்திருக்கும் ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டார். காசு கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "குஞ்சா இருக்கறப்போ எல்லாரும் வாங்கறாங்க சார். வளர்ந்தப்புறம் எல்லாம் இங்கேதான் திரும்பி வருது" என்றார் அவர். அவருடைய தொட்டியில் அதே ஜாதி ஏற்கெனவே மூன்று கிடந்தன.

எல்லாக் கடைக்காரரும் இப்படித் திரும்ப வாங்குவதில்லை. ஆகையால் குஞ்சு வாங்கும்போதே, 'பெரிதானால் எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி என்றும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் உள்ளதைச் சொல்வார். மழுப்பினால் அந்த மீனை விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதும் ஒரு வழி.

இப்போது நண்பர் வீட்டில், போனஸ் பணத்தில் வாங்கிய ஐந்தடித் தொட்டி இருக்கிறது. அதில் ஓர் ஆஸ்கார், ஐந்து சில்வர் டாலர்கள். பெண் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மீன்களை எண்ணிவிட்டுத்தான் தலை பின்னிக்கொள்ள வருகிறாள். ஏழு மாதமாகக் கணக்குக் குறையவில்லை. ஆஸ்காருக்குத்தான் இதுவரை ஐந்து பிளாஸ்டிக் செடிகள் பலி.

அடுத்தது ஓர் அரோவானா வாங்கினால் என்ன என்று நண்பர் என்னைக் கேட்டார். வாங்கலாம், ஆறேழு அடித் தொட்டியாக வேண்டும், இரண்டரை அடி அகலமும் வேண்டும், தண்ணீரே ஆயிரம் கிலோவுக்கு மேல் கனம் இருக்கும், தரை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று அவர் மனைவி கேட்டார். கட்டிலை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்கிறார் இவர். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.